பெட் சூடாக இருக்கிறது, ஸ்டீம் வரவில்லை: எஃப்பிசி பாய்லரின் பெட் காயில் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சாய ஆலை, காகித ஆலை, உணவு ஆலைகளில் ஓடும் சிறிய, நடுத்தர எஃப்பிசி பாய்லர்களுக்கான (ஃப்ளூயிடைஸ்டு பெட் கம்பஷன்: அடியிலிருந்து வரும் காற்றில் புரளும் சூடான மணலில் எரிபொருளை எரிப்பவை) குறிப்பு இது. அடியில் விண்ட்பாக்ஸ் (காற்றுப் பெட்டி), அதன்மேல் நாசில் தட்டு (காற்றுத் துளைகள் உள்ள தட்டு), அதற்கு மேல் புரளும் பெட் (மணல் படுக்கை), பெட்டுக்குள் சாய்வாகப் புதைந்திருக்கும், உள்ளே தண்ணீர் ஓடும் காயில் குழாய்கள் என்று உங்கள் பாய்லர் இருந்தால் கீழே உள்ளவை பொருந்தும். சர்க்குலேட்டிங் வகைக்கு (சிஎஃப்பிசி) இந்த எண்கள் ஆகாது.

இந்தப் பாய்லரில் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதியை பெட் காயிலே வாங்கிவிடுகிறது. அதனால் ஸ்டீம் குறைந்தவுடன் எல்லாரும் காயிலைத்தான் சந்தேகிப்பார்கள்; அடுத்தது நிலக்கரி சப்ளை செய்தவரை. இரண்டுக்கும் முன்னால் பெட் மெட்டீரியலை (மணல் அல்லது உடைத்த ஃபயர்பிரிக், அதாவது சூடு தாங்கும் செங்கல்) சலித்துப் பாருங்கள். பெரும்பாலான புகார் அங்கேயே முடிந்துவிடும்.

## எதற்கும் முன்னால்: பெட் உயரம், சல்லடை

ஓடும் பாய்லரில் பெட் உயரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. விண்ட்பாக்ஸ் அழுத்தத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

விண்ட்பாக்ஸில் 480 மி.மீ. வாட்டர் காலம் (நீர்க்கம்ப அழுத்தம்), பெட்டுக்கு மேல் ஃபர்னஸில் மைனஸ் 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்த வித்தியாசம் 485. இதே காற்றளவில் வெறும் நாசில் தட்டு மட்டும் எடுக்கும் அழுத்தம் 150 என்று கமிஷனிங் ரெக்கார்டில் (பாய்லரை முதலில் ஓட்டியபோது எழுதிய பதிவு) இருந்தால், பெட் எடுப்பது 335. பெட் மெட்டீரியலின் கொட்டு அடர்த்தி கன மீட்டருக்கு 1,100 கிலோ, அதாவது தண்ணீரைப் போல 1.1 மடங்கு என்றால் 335-ஐ 1.1-ஆல் வகுக்க வேண்டும். படிந்த நிலையில் பெட் உயரம் சுமார் 305 மி.மீ. என்று வரும். அடியிலிருந்து எரிபொருள் ஊட்டும் பாய்லர்களில் 300 முதல் 350 வரை வழக்கமான அளவு. உங்கள் டிராயிங்கில் வேறு எண் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் எளிதில் தவறும் இடம் ஒன்று உண்டு. நாசில் தட்டின் அழுத்த இழப்பு காற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றை 80 சதவீதத்துக்குக் குறைத்திருந்தால் அந்த 150, வெறும் 96 ஆகிவிடும். இதைக் கழிக்காமல் "விண்ட்பாக்ஸ் பிரஷர் குறைஞ்சிருச்சு, மணல் போடு" என்று மூட்டை மூட்டையாகக் கொட்டிவிடுகிறார்கள்.

டிஜிட்டல் மீட்டரை நம்பும் முன் யு-டியூப் மேனோமீட்டரை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். டேப்பிங் குழாயில் (அழுத்தம் அளக்க எடுத்த சிறு குழாய்) மணல் ஏறி அடைத்திருந்தால் எண் அசையாமல் நிற்கும். நன்றாகப் புரளும் பெட்டில் மேனோமீட்டர் நீர்மட்டம் சின்னதாகத் துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்பே இல்லையென்றால் டேப்பிங் அடைத்திருக்கிறது, அல்லது பெட் செத்துக் கிடக்கிறது.

சல்லடைச் சோதனைக்கு ஒவ்வொரு டிரெயினிலிருந்தும் (பெட் மெட்டீரியலை வெளியே இறக்கும் வழி) ஒரு கிலோ எடுத்து ஆறவைத்து, 2.36 மி.மீ. (8-ஆம் எண்), 0.85 மி.மீ. (20-ஆம் எண்) சல்லடைகளில் சலித்து மூன்று பங்கையும் நிறுத்துப் பாருங்கள். பெரும்பகுதி இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். டிரெயின் சாம்பல் 800 டிகிரியில் வரும். ஈரத் தரையில் விழுந்தால் ஆவி கிளம்பி வெடித்துச் சிதறும். காய்ந்த இரும்புத் தொட்டி, முகக் கவசம், நீளக் கையுறை மூன்றும் இல்லாமல் டிரெயினைத் திறக்கக் கூடாது.

## அறிகுறி 1: பெட் 850 டிகிரி காட்டுகிறது, ஸ்டீம் போதவில்லை, எரிபொருளைக் கூட்டினால் டெம்பரேச்சர் எகிறுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பெட்டில் வெப்பம் இருக்கிறது, காயில் அதை வாங்கவில்லை. ஆபரேட்டர் டெம்பரேச்சரைப் பிடிக்க ஃபீடரை (எரிபொருள் ஊட்டும் கருவி) குறைக்கிறார், ஸ்டீம் இன்னும் விழுகிறது.

பெட் உயரம் குறைந்திருக்கிறதா?
மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். புரளும் பெட்டுக்குள் மூழ்கியிருக்கும் குழாய் வாங்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால், பெட்டுக்கு வெளியே தலை நீட்டி நிற்கும் குழாய் வாங்குவது சிறு பங்குதான். மேல்வரிசை வெளியே தெரிந்தால் அந்த வரிசை கிட்டத்தட்டச் சும்மா நிற்கிறது என்று அர்த்தம்.

நிவர்த்தி சுலபம். 2.25 சதுர மீட்டர் பெட்டில் 50 மி.மீ. குறைவு என்றால் சுமார் 125 கிலோ மெட்டீரியல் போட வேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் பெட் குளிர்ந்து அணையும். 20, 25 கிலோவாகப் போட்டு, டெம்பரேச்சர் பழைய நிலைக்கு வந்த பிறகு அடுத்த தவணை.

துகள் பெருத்துவிட்டதா?
2.36 சல்லடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. பெரிய கல் குழாயைத் தொடும் பரப்பு குறைவு. இடையில் நிற்கும் வாயு இடைவெளி தடிமன். சுமார் ஒரு மி.மீ. அளவுள்ள துகளோடு நன்றாகப் புரளும் பெட்டில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 250 வாட் அளவில் காயில் வாங்கும். துகள் பெருக்கப் பெருக்க இது இறங்கும். அழுத்தக் கணக்கில் உயரம் சரியாகவே காட்டும் என்பதால் மேனோமீட்டர் இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்காது. சல்லடை ஒன்றுதான் வழி.

கல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மெட்டீரியலை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் அதே நிலை. கிரஷர் சல்லடை தேய்ந்து பெரிய துண்டுகளை விடுகிறதா, நிலக்கரியில் ஷேல் கல் கலந்திருக்கிறதா, பெட்டிலேயே சிறு கிளிங்கர் (சாம்பல் உருகி இறுகிய கட்டி) உருவாகிறதா என்று சல்லடையில் நின்றதைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஷேல் தட்டையாக, அடுக்கு அடுக்காக இருக்கும். கிளிங்கர் பஞ்சு போலத் துளை விட்டு, ஓரம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். உடைந்த ஃபயர்பிரிக் கூர்முனையோடு வெளிர் நிறத்தில் இருக்கும். அப்படியானால் ஃபர்னஸ் சுவர் உதிர்கிறது, அது தனி வேலை.

நிவர்த்தி: 50 கிலோ அளவில் இறக்கி, சலித்து, 0.85-க்கும் 2.36-க்கும் நடுவில் உள்ளதைத் திரும்பப் போட்டு, குறைவுக்குப் புது மெட்டீரியல் சேருங்கள். ஒரே டிரெயினில் இறக்கினால் அந்த மூலை மட்டும்தான் சுத்தமாகும். எல்லா டிரெயினையும் முறைவைத்துத் திறக்க வேண்டும்.

காற்று குறைவா?
புகைபோக்கி வாயுவில் ஆக்ஸிஜன் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்து, மேனோமீட்டர் துடிப்பும் மந்தமாக இருந்தால் எஃப்டி (காற்றை உள்ளே தள்ளும் ஃபேன்) டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். ஸ்டீம் கூடிக்கொண்டே வரும், ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் திறக்கும் காற்று வெப்பத்தைக் கூட்டாது. பொடியை வெளியே அடிக்கும், குழாயைத் தேய்க்கும். 4 முதல் 5 சதவீத ஆக்ஸிஜனில் நிறுத்துங்கள்.

குழாயின் வெளிப்புறத்தில் பூச்சா?
உயரம், துகள், காற்று மூன்றும் சரி என்றால்தான் இங்கே வர வேண்டும். பாய்லரை ஆறவைத்து மேன்ஹோல் வழியே பாருங்கள். நிலக்கரி ஓடும் பெட்டில் மணலே குழாயைத் துலக்கிக்கொண்டிருக்கும், பூச்சு அரிது. பொட்டாஷ் மிகுந்த தோடு, தண்டு, தட்டை எரிக்கும் பாய்லர்களில் சாம்பல் இளகி, ஸ்டட் (குழாய் தேயாமலிருக்க அதன்மேல் வெல்டு செய்த சிறு இரும்புக் குச்சி) இடுக்குகளில் மணலோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். வயர் பிரஷ்ஷுக்கு வந்தால் சரி. உளி வைத்து அடிக்க வேண்டிய அளவுக்கு இறுகியிருந்தால், ஸ்டட் வெல்டிங் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அடி ஸ்டட்டில் விழுந்தால் அது குழாயோடு பிய்ந்து வரும்.

உள்ளே படிவா?
ஸ்டீம் குறைவுக்கு இதைக் கடைசியாகச் சொல்லக் காரணம் உண்டு. 10.5 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 185 டிகிரி, பெட் 850. உள்ளே ஒரு மி.மீ. கெட்டிக் கால்சியம் படிவு இருந்தால் காயில் வாங்கும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் குழாய்ச் சுவர் 100 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சூடாகும். அதே தடிமனில் நுண்துளை மிக்க சிலிக்கா படிவு என்றால் சுவர் 450 டிகிரியைத் தாண்டிவிடும். கார்பன் ஸ்டீல் அங்கே தாங்காது. ஆகவே படிவு பெரும்பாலும் ஸ்டீம் குறைவாக அறிமுகமாவதில்லை, வெடித்த குழாயாகத்தான் வருகிறது.

சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) வெளியீட்டில் ஹார்ட்னஸ் 5 பிபிஎம்-க்கு மேல், அல்லது பாய்லர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 3,500-க்கு மேல் தொடர்ந்து ஓடியிருந்தால் ஹெட்டர் (குழாய்கள் வந்து சேரும் பெருங்குழாய்) கைத்துளையைத் திறந்து பார்க்காமல் விடக் கூடாது. ஆசிட் கிளீனிங் ஆலையாட்கள் செய்யும் வேலை அல்ல. இன்ஹிபிட்டர் (ஆசிட் குழாயை அரிக்காமல் காக்கும் மருந்து) அளவு, நேரம், கடைசி நியூட்ரலைசிங் மூன்றில் ஒன்று பிசகினாலும் ஆசிட் படிவோடு குழாயையும் சேர்த்துத் தின்னும்.

## அறிகுறி 2: லோடு போட்டவுடன் பெட் டெம்பரேச்சர் விழுகிறது

எரிபொருள் ஈரமா, ஃபீட் லைன் அடைப்பா? மழைக்காலத்தில் முதலில் இதைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபீட் லைனையும் கையால் தொட்டாலே ஓட்டத்தின் அதிர்வு தெரியும். அடைத்த லைனில் அசைவு இருக்காது.

பெட் உயரம் அதிகமா? அதிகக் குழாய் மூழ்கினால் அதிக வெப்பம் போகும். குறைந்த லோடில் பெட் தாங்காது. சாம்பல் மிகுந்த நிலக்கரியில் யாரும் மணல் போடாமலே உயரம் வளரும். 30, 40 மி.மீ. அளவுக்கு இறக்கிப் பாருங்கள்.

பொடி சேர்ந்துவிட்டதா? 0.85-க்குக் கீழே அதிகம் இருந்தால் காயில் தேவைக்கு மேல் வெப்பத்தை இழுக்கும். பொடி மணலைச் சேர்த்த பிறகு இது தொடங்கியது என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காற்று அதிகமா? ஆக்ஸிஜன் 7, 8 என்று காட்டினால் டேம்பரைக் குறையுங்கள்.

நான்கும் சரி, டெம்பரேச்சர் மட்டும் ஒரு பக்கமாக விழுகிறது, தண்ணீர் செலவும் கூடியிருக்கிறது என்றால் நேராக அறிகுறி 5-க்குப் போங்கள். 700 டிகிரிக்குக் கீழே விழுந்த பெட்டில் நிலக்கரியைத் தொடர்ந்து ஊட்டாதீர்கள். எரியாமல் சேரும் கரி பின்னர் ஒரே நேரத்தில் பற்றினால் பெட் முழுக்கக் கிளிங்கராகும்.

## அறிகுறி 3: ஒரு பக்கம் 950, மறுபக்கம் 700

முதலில் தெர்மோகப்பிள்களை (பெட் டெம்பரேச்சர் அளக்கும் கருவி) இடம் மாற்றி மாட்டுங்கள். எண்ணும் கூடவே இடம் மாறினால் கோளாறு தெர்மோகப்பிளில். சுற்றிக் கிளிங்கர் அப்பியிருந்தாலும் தவறாகத்தான் காட்டும். எண் இடம் மாறவில்லை என்றால் கோளாறு பெட்டில்.

அடுத்து ஃபீட் லைன் சமநிலை. அதற்கடுத்து நாசில் அடைப்பு; இதை ஆறிய பெட்டில்தான் உறுதி செய்ய முடியும். எஃப்டியை ஓட்டி, மேன்ஹோலுக்கு வெளியே நின்று நீளமான கம்பியைப் புரளும் பெட்டில் இறக்கி இழுங்கள். நல்ல இடத்தில் கம்பி தண்ணீரில் போவது போல நாசில் தட்டு வரை போகும். அடைத்த இடத்தில் குத்தி நிற்கும். பிறகு காற்றைச் சட்டென்று நிறுத்தி மேற்பரப்பைப் பாருங்கள். சமதளமாகப் படிந்தால் காற்று சீராக வருகிறது. மேடு இருக்கும் இடத்தில் நாசில் அடைத்திருக்கிறது. குழி விழுந்த இடத்தில் காற்று பீறிடுகிறது. பெரும்பாலும் நாசில் தொப்பி கழன்றிருக்கும். அந்தக் குழிக்கு நேர்மேலே உள்ள குழாயைக் குறித்துவையுங்கள், அறிகுறி 6-இல் அதே குழாய் மறுபடி வரும்.

நாசில் துளைகளை அதே விட்டமுள்ள கம்பியால் மட்டும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ட்ரில் போட்டுப் பெரிதாக்கினால் அந்த நாசில் எப்போதும் கூடுதல் காற்று வாங்கும்.

## அறிகுறி 4: குழாய்களுக்கு நடுவே கிளிங்கர்

காயில் இடுக்கில் உருவான கிளிங்கர் அந்தக் குழாய்களை மணலிடமிருந்து மறைத்துவிடும். பெட் அங்கே குளிராமல் இன்னும் சூடேறும், கிளிங்கர் இன்னும் வளரும். டெம்பரேச்சர் 900-ஐத் தாண்டி, விண்ட்பாக்ஸ் அழுத்தம் தாறுமாறாக ஆடினால் தாமதிக்காமல் ஃபீடரை நிறுத்துங்கள். காற்றைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பெட்டைக் குளிரவையுங்கள்.

சிறு கட்டிகள் டிரெயினில் வந்துவிடும். பெரியது என்றால் பாய்லரை ஆறவைத்து உடைப்பது ஒன்றே வழி. சூடான கிளிங்கர் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழாயும் ஃபயர்பிரிக்கும் விரிசல் விடும், நனைந்த சாம்பல் நாசிலில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

விவசாயக் கழிவு எரிப்பவர்கள் பெட்டை 750, 800 என்ற அளவில் வைப்பது நல்லது. சாதாரண ஆற்று மணலுக்குப் பதில் அலுமினா மிகுந்த உடைத்த ஃபயர்பிரிக் போட்டு, மெட்டீரியலை அடிக்கடி மாற்றுங்கள். மணலின் சிலிக்காவும் சாம்பலின் பொட்டாஷும் சேர்ந்தால் இளகும் கண்ணாடிதான் உண்டாகும்.

## அறிகுறி 5: தண்ணீர் செலவு கூடுகிறது, பெட் ஒரு மூலையில் குளிர்கிறது, புகைபோக்கியில் வெண்புகை

காயில் லீக். சின்னத் துளையில் தொடங்கும்போது ஃபீட் பம்ப் அடிக்கடி ஓடும், ஃபர்னஸ் டிராஃப்ட் (உள் அழுத்தம்) பாசிட்டிவ் பக்கம் போகும், ஐடி (புகையை வெளியே இழுக்கும் ஃபேன்) ஆம்பியர் கூடும், டிரெயினில் ஈரச் சாம்பல் வரும். ஒன்று மட்டும் என்றால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு சேர்ந்தால் நிறுத்துங்கள். "இந்த பேட்ச் முடியட்டும்" என்று ஓட்டினால், துளையிலிருந்து பீறிடும் ஆவி மணலையும் அள்ளி அடுத்த குழாயை அறுக்கும். ஒரு குழாய் வேலை நாலு குழாய் வேலையாகும்.

நிறுத்தும் வரிசை: ஃபீடர், பிறகு எஃப்டி. ஆவி வெளியேற ஐடி ஓடட்டும். டிரம்மில் தண்ணீர் மட்டம் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருக்கும் வரை ஃபீட் பம்ப்பை நிறுத்தாதீர்கள், பெட்டில் இன்னும் 800 டிகிரி இருக்கிறது. மட்டம் கண்ணாடியிலிருந்தே காணாமல் போய்விட்டால் குளிர்ந்த தண்ணீரை உள்ளே அனுப்பக் கூடாது. மெயின் வால்வை மூடி, முடிந்த அளவு பெட்டை டிரெயின் செய்துவிட்டு ஒதுங்குங்கள். ஆறிய பிறகு நனைந்த மெட்டீரியல் முழுவதையும் அகற்றி, ஒவ்வொரு நாசிலையும் பார்க்க வேண்டும்.

குழாயை மாற்றுவதற்கு ஐபிஆர் (இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ்) சான்றுள்ள குழாய், ஐபிஆர் வெல்டர், பாய்லர் இன்ஸ்பெக்டரின் அனுமதி, அவர் சொல்லும் அழுத்தத்தில் ஹைட்ரோ டெஸ்ட் எல்லாம் வேண்டும். துளையின் மேல் பேட்ச் வைத்து வெல்டு அடித்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

## அறிகுறி 6: மாற்றிய குழாய் அதே இடத்தில் மறுபடி போகிறது

வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று சாக்பீஸில் குறித்த பிறகு வெட்டுங்கள். காரணம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

அடிப்பக்கம் மெலிந்து, வழவழவென்று பளபளக்கிறது: மணல் தேய்மானம். குழாயின் வட்டத்தைக் கடிகாரமாக நினைத்தால் 5, 7 நிற்கும் இடங்களில் அதிகம் இருக்கும். நேர்கீழே கழன்ற நாசில் தொப்பி, ஃபீட் பாயின்டின் காற்று வீச்சு, மழுங்கிப்போன ஸ்டட் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரி என்றால் பெரிய துகளைப் புரட்ட யாரோ காற்றைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அறிகுறி 1-இன் சல்லடைக்குத் திரும்புங்கள்.

மேல்பக்கம் புடைத்து, மீன் வாய் போலப் பிளந்திருக்கிறது: சூடு மிஞ்சியது. உள்ளே படிவு இருந்தால் தண்ணீர்ச் சிகிச்சைக் கோளாறு. படிவே இல்லை, மேல்பக்கம் மட்டும் கெட்டிருக்கிறது என்றால் குழாயின் சாய்வைப் பாருங்கள். சாய்வு போதாமல் அல்லது நடுவில் தொய்ந்து போயிருந்தால் ஆவி மேல்பக்கம் ஒட்டி நிற்கும், தண்ணீர் அங்கே தொடாது. முந்தைய ரிப்பேரில் குழாயை மட்டமாக மாட்டிவிடுவது இதற்கு ஒரு காரணம். லெவல் வைத்து, டிராயிங் கோணத்தோடு ஒப்பிடுங்கள்.

உட்பக்கம் குண்டுகுண்டாய்க் குழி: ஆக்ஸிஜன் அரிப்பு. ஃபீட் டேங்க் டெம்பரேச்சர், சல்ஃபைட் (தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை நீக்கும் மருந்து) அளவு இரண்டையும் பாருங்கள்.

ஆண்டு ஓவராலில் அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து, ஒவ்வொரு குழாயிலும் அடிப்பக்கம், வளைவு, சுவரில் நுழையும் இடம் மூன்றையும் அளந்து அதே தாளில் ஆண்டுதோறும் எழுதி வாருங்கள். டிராயிங் தடிமனில் கால் பங்கு தேய்ந்தவுடன் பாய்லர் கம்பெனி ஆளையோ தகுதியுள்ள ரிப்பேரரையோ கூப்பிட்டு, அந்த அழுத்தத்துக்குக் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று கணக்கு வாங்குங்கள். மெலிந்த குழாய் மேல் வெல்டு ஏற்றித் தடிமன் கூட்டும் யோசனை வரும். உள்ளே துளைத்துவிடும் ஆபத்து உள்ள வேலை, நிபுணர் சொல்லாமல் வேண்டாம்.

## அறிகுறி 7: கரன்ட் போய்விட்டது

எஃப்டி நின்றால் மணல் படிந்துவிடும். படிந்த மணல் குழாய்க்குக் கொடுக்கும் வெப்பம் வெகுவாகக் குறையும். இது நமக்குச் சாதகம். ஃபீட் பம்ப்பும் நின்றுபோனதுதான் ஆபத்து.

மெயின் ஸ்டீம் வால்வை மூடுங்கள், இருக்கும் தண்ணீர் டிரம்மிலேயே நிற்கட்டும். புளோடவுன் வால்வுகள் (பாய்லர் தண்ணீரை வெளியேற்றுபவை) முழுக்க மூடியிருக்கின்றனவா என்று கையால் சரிபாருங்கள். ஜெனரேட்டர் வந்ததும் முதல் இணைப்பு ஃபீட் பம்ப்புக்கு. மட்டம் கண்ணாடியில் சரியான பிறகு ஐடி, அதன் பிறகே எஃப்டி. தண்ணீர் மட்டம் தெரியாமல் எஃப்டியைப் போட்டால், அடங்கிக் கிடந்த 800 டிகிரி மணல் மறுபடி புரண்டு மொத்த வெப்பத்தையும் வறண்ட குழாய்க்குள் தள்ளும்.

அரைமணிக்குள் கரன்ட் வரவில்லை, பெட் 600-க்குக் கீழே போய்விட்டது என்றால் சூட்டை வைத்து நேரடியாகப் பற்றவைக்க முயல வேண்டாம். கம்பி விட்டுக் கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மரக்கரி போட்டு முதலிலிருந்து லைட்டப் செய்யுங்கள்.